பேய்கள் கேட்பது கூலியை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பேய்ப்படப் பட்டியலில் 'அட்லாண்டிக்ஸ்' படத்துக்கும் ஆறு வரி கிடைத்திருந்தது. காதல் கதையாகத் தொடங்குகிறது, நடுவில் போலீஸ் கதையாகிறது, பேய்க் கதையாக முடிகிறது, எதிலும் கால் ஊன்றவில்லை என்பது உங்கள் விமர்சகரின் குறை. போகிற போக்கில் அதைப் பிரெஞ்சுப் படம் என்றும் எழுதிவிட்டார். இரண்டுமே தவறு என்பதால்தான் இந்தக் கடிதம்.

எனக்குத் திரைப்பட இலக்கணம் தெரியாது. கட்டட ஒப்பந்ததாரர் ஒருவரிடம் 26 ஆண்டுகள் கூலிக் கணக்கு எழுதியவள் நான். சனிக்கிழமை மாலை பட்டுவாடா. மஸ்டர் ரோலில் பெயர், வேலை நாள், முன்பணம் போக மீதி, பக்கத்தில் கையெழுத்து அல்லது கைநாட்டு. அந்தப் பழக்கத்தோடு பார்த்ததால் உங்கள் விமர்சகர் தாண்டிப்போன ஒன்று என் கண்ணில் முதலிலேயே பட்டது. இந்தப் படத்தின் எல்லா முடிச்சுகளும் தொடங்குமிடம் ஒரு சம்பளப் பாக்கி.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காரில், கடலோரமாக, வானத்தை முட்டும் கோபுரம் ஒன்றைக் கட்டுகிறார்கள். புழுதியும் உப்புக்காற்றும் கலந்த மங்கலில் அது நிற்பதே ஏதோ கனவுபோல இருக்கிறது. அதைக் கட்டும் இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அலுவலகத்தில் போய்க் கேட்கிறார்கள், கத்துகிறார்கள், வெறுங்கையோடு லாரியில் ஏறித் திரும்புகிறார்கள். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வர, சுலைமான் என்பவன் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டு வருகிறான். எங்கள் அலுவலகத்திலும் ஒருமுறை இரண்டு மாதம் பட்டுவாடா நின்றுபோனது. "முதலாளி ஊரில் இல்லை" என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னவள் நான். முதலாளி மாடியில்தான் இருந்தார். அந்த லாரிக் காட்சியை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சுலைமான் காதலிக்கும் ஆடாவுக்கு 17 வயது. வீட்டார் அவளை உமர் என்ற பணக்காரனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். திருமணத்துக்குச் சில நாட்களே இருக்கின்றன. அன்றிரவு டியோர் நடத்தும் கடற்கரை மதுக்கடைக்கு ஆடாவும் தோழிகளும் வந்து பார்த்தால் பையன்கள் யாரும் இல்லை. சொல்லாமல் படகேறி ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள். படகை நாம் பார்ப்பதில்லை, புயலையும் பார்ப்பதில்லை. அலைகளைத்தான் பார்க்கிறோம், திரும்பத் திரும்ப. சிலருக்கு அது சலிக்கலாம். எனக்குச் சலிக்கவில்லை; ஒளிப்பதிவாளர் கிளேர் மத்தோன் ஒவ்வொரு முறையும் வேறொரு கடலைக் காட்டுகிறார்.

இது இயக்குநர் உட்கார்ந்து இட்டுக்கட்டியதும் அல்ல. 2006ஆம் ஆண்டில் மட்டும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 30,000க்கும் மேற்பட்டோர் இப்படித் திறந்த மரப்படகுகளில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளைப் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் மூழ்கியவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. அயல்நாட்டு இழுவலை மீன்பிடிக் கப்பல்கள் வந்து அரித்த கடலில் மீன் குறைந்துபோக, மீன்பிடிப் படகுகளே ஆளேற்றும் படகுகளாயின. 'பார்சா வல்லா பர்சாக்' என்று செனகல் மக்கள் பேசும் வோலோஃப் மொழியில் ஒரு வழக்கு அப்போது பரவியது. ஒன்று பார்சிலோனா, இல்லையேல் மறுவுலகம். படத்தின் இயக்குநர் மாட்டி டியோப் 2009இலேயே இப்படிக் கடல் கடக்கப் புறப்பட்ட இளைஞனை வைத்து ஒரு குறும்படம் எடுத்தவர். 'அட்லாண்டிக்ஸ்' வெளிவந்தது 2019இல்.

இனி பேய்க்கு வருகிறேன். கல்யாண நாளில் மணமக்களின் கட்டில் தானாகத் தீப்பற்றுகிறது. விசாரிக்க வரும் ஈசா என்ற இளம் போலீஸ்காரருக்குப் பொழுது சாயும் நேரத்தில் உடம்பு கொதிக்கிறது. காய்ச்சலில் கிடந்த பெண்கள் இரவானதும் எழுந்து, கண்கள் வெளுத்து, வெறுங்காலோடு நடந்து கட்டட முதலாளியின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் அலறவில்லை, யார் கழுத்தையும் நெரிக்கவில்லை. செத்துப்போன ஆண்கள் அந்தப் பெண்களின் வாயால் கேட்பது ஒன்றுதான்: எங்கள் சம்பளத்தைக் கொடு. நம் படங்களில் பேய் பழிவாங்க வரும். இங்கே வசூலுக்கு வருகிறது. பணம் வந்த பிறகும் அவர்கள் விடுவதில்லை. முதலாளியை இடுகாட்டுக்கு அழைத்துப்போய்த் தங்களுக்கான குழிகளை அவர் கையாலேயே தோண்டவைக்கிறார்கள். உடல்கள் கடலடியில் கிடக்கின்றன. புதைக்க எதுவும் இல்லை. ஆனாலும் தோண்டவைக்கிறார்கள். கூலிக் கணக்கு தீர்ந்தது, சாவுக் கணக்கு தீராது என்று அவருக்குக் காட்டத்தான்.

ஆண்களின் ஆவி ஏன் பெண்களின் உடலில் வரவேண்டும்? டக்கார் தீபகற்பத்தின் ஆதி மீனவர்களான லெபு மக்களிடமும் வோலோஃப் மக்களிடமும் 'ரப்' என்ற ஆவிகளைப் பற்றிய நம்பிக்கை உண்டு. ஆவி பற்றியவரை மேளம் கொட்டி ஆடவைத்துத் தேற்றும் சடங்குக்கு 'ந்தேப்' என்று பெயர். இரவில் பெண்ணிடம் வரும் காதல் ஆவியை 'ஃபாரு ரப்' என்பார்கள். அதாவது காதலும் பேயும் அந்த ஊர் நம்பிக்கையிலேயே ஒரே சொல்லுக்குள் இருப்பவை. இரண்டு வகைப் படங்களை ஒட்டுப்போட்டுத் தைத்ததாக உங்கள் விமர்சகருக்குத் தோன்றியது, அங்கே பிறந்தவர்களுக்கு ஒரே துணியாகத் தெரிந்திருக்கும். அந்தப் பெண்களை நினைத்துப் பாருங்கள்: கரையில் விடப்பட்டவர்கள், யாரும் கருத்துக் கேட்காதவர்கள். ஆடா கன்னிதானா என்று உமரின் வீட்டார் மருத்துவரிடம் சான்று கேட்கும் காட்சி ஒன்றும் இருக்கிறது. படத்திலேயே உண்மையில் பயமுறுத்துவது அதுதான். அப்படிப்பட்டவர்கள்தான் வெள்ளைக் கண்களோடு மாளிகைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆடாவாக நடித்த மாமே பினேத்தா சானே அதற்கு முன் நடித்ததே இல்லை. இயக்குநர் அவரைக் கண்டுபிடித்தது தியாரோய் என்ற புறநகரில். அந்தப் பெயரைக் கேட்டால் செனகல்காரர் யாருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போரிட்டு, ஜெர்மனியிடம் சிறைப்பட்டு மீண்ட ஆப்பிரிக்க வீரர்கள், தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 காலை தியாரோய் முகாமில் பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. 35 பேர் இறந்ததாக அப்போது சொன்னார்கள். எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 80 ஆண்டுகள் ஆயின. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; இயக்குநர் மனத்தில் இருந்ததா என்று நான் அடித்துச் சொல்லவும் வரவில்லை. ஆனால் கூலி கேட்டுச் செத்தவர்கள் அந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர்.

மாட்டி டியோப்பின் பெரியப்பாவோ சித்தப்பாவோ, ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்றே எழுதிவிடுகிறார்கள், ஜிப்ரில் டியோப் மாம்பெட்டி. அவர் 1973இல் எடுத்த 'டூக்கி பூக்கி'யில் காதலர் இருவர் பாரீஸுக்குக் கப்பலேறத் திட்டமிடுவார்கள். பெண் போய்விடுவாள், ஆண் கரையிலேயே நின்றுவிடுவான். இங்கே ஆண் போகிறான், பெண் நிற்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தேன், நல்ல அனுபவம்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். போலீஸ் விசாரணை சவசவ என்றுதான் போகிறது; ஈசாவுக்கு ஏன் மாலையில் காய்ச்சல் வருகிறது என்பதை நான் பாதியிலேயே ஊகித்துவிட்டேன். உமர் மனிதராகவே உருவாகவில்லை. விலையுயர்ந்த போனைப் பரிசளிக்கத்தான் வருகிறார். ஆனாலும் கடைசியில் ஈசாவின் உடலில் சுலைமான் வருவதும், கண்ணாடியில் மட்டும் அவன் முகம் தெரிவதும் வந்தபோது அந்தக் காய்ச்சலை மன்னித்துவிட்டேன்.

கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கிய படம் இடம்பெற்றது அதுவே முதல்முறை. 'கிராண்ட் பிரி' பரிசும் வாங்கியது. இதையெல்லாம் அச்சிடச் சொல்லிக் கேட்கவில்லை. படத்தில் பேசுவது பெரும்பாலும் வோலோஃப், கதை நடப்பது டக்காரில், செனகல் அதைத் தன் படமாக ஆஸ்கருக்கு அனுப்பியது. அடுத்த இதழில் 'பிரெஞ்சுப் படம்' என்பதை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர் (ஓய்வுபெற்ற கூலிக் கணக்கர்),
ஈரோடு