கூட்டினால் வராது: விழும் பந்தின் திசைவேகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 1 இயற்பியலில் எறிபொருள் கணக்கை, அதாவது எறிந்த பொருள் பறந்து விழும் கணக்கைக் கண்டாலே பிள்ளைகள் பலர் பதறுகிறார்கள். கணக்கு கடினமில்லை, தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது. 'தரையைத் தொடும்போது பந்தின் திசைவேகம் என்ன?' என்ற கேள்விக்குக் கிடைத்தளக் கூறு (பக்கவாட்டு வேகம்) 2, செங்குத்துக் கூறு (கீழ்நோக்கிய வேகம்) 3.96, ஆக 5.96 என்று கூட்டி முடித்த விடைத்தாள்களைத் திருத்தாத இயற்பியல் ஆசிரியர் இருக்க மாட்டார். காரைக்குடியிலிருந்து கிழக்கே 3 கி.மீ., பிறகு வடக்கே 4 கி.மீ. போனவர் புறப்பட்ட இடத்திலிருந்து 5 கி.மீ. தள்ளித்தான் நிற்கிறார், 7 கி.மீ. அல்ல. இது புரிகிற பிள்ளைக்குத் திசைவேகம் மட்டும் புரியாமல் போவதற்குக் காரணம், அதை யாரும் அளக்க விடாததுதான்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு மேசை, பட்டறையில் கிடைக்கும் பேரிங் குண்டு, வளைத்துக் கட்டிய வயரிங் பட்டை, கார்பன் தாள், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். பட்டையின் மேல்முனையைத் தூக்கிக் கட்டி, கீழ்முனை மேசை விளிம்பில் மட்டமாக முடியும்படி வைக்க வேண்டும். விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது தொடும் இடமே தொடக்கப் புள்ளி. நம் ஊர் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் இருந்தால் வசதி, கல் இணைப்புக் கோட்டுக்கு நேராகப் பட்டையை வைத்துவிடலாம். ஆனால் இரும்புக் குண்டை அந்தக் கல்லின் மேல் நேராக விழவிடாதீர்கள், பூவேலை தெறித்துவிடும். பலகை போட்டு, அதன்மேல் வெள்ளைத்தாள், அதன்மேல் மைப்பக்கம் கீழே இருக்கும்படி கார்பன் தாள். குண்டின் அடிப்பக்கத்திலிருந்து பலகையின் மேற்பரப்பு வரைதான் உயரம். பலகையின் தடிமனைக் கழிக்க மறப்பவர்கள் நிறைய.

அந்த உயரம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விழும் நேரத்தின் வர்க்கம், உயரத்தின் இருமடங்கை ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்தால் வருவது. 1.6-ஐ 9.8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.404 வினாடி. இதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிடிக்க முயல வேண்டாம். பொத்தானை அழுத்தக் கை எடுத்துக்கொள்ளும் நேரமே ஏறக்குறைய இதில் பாதி. குண்டு விளிம்பிலிருந்து 81 செ.மீ. தள்ளி விழுந்தால், 0.81-ஐ 0.404-ஆல் வகுக்க, கிடைத்தளக் கூறு வினாடிக்கு 2 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால் அது கடைசி வரை மாறாது. செங்குத்துக் கூறு சுழியில் தொடங்கி, 9.8 பெருக்கல் 0.404, அதாவது 3.96-க்கு வளர்ந்திருக்கும். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4.44 மீ/வி. செங்குத்துக் கூறைக் கிடைத்தளக் கூறால் வகுத்தால் 1.98, அதற்குரிய கோணம் கிடைத்தளத்துக்குக் கீழே சுமார் 63 டிகிரி. இந்தக் கோணத்தை எழுதாத விடை பாதி விடைதான். அது வேகம், திசைவேகம் ஆகாது.

பிழை வரும் இடங்கள் உண்டு. பட்டையின் முனை 2 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்தாலே குண்டு ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. மேசைப் பக்கமாகக் கிட்டே விழும். முனையில் குண்டை வைத்துப் பாருங்கள், உருளாமல் நின்றால் மட்டம். கையால் தள்ளாமல், ஓர் அடிக்கோலை அணையாக வைத்து எடுத்துவிட வேண்டும். குண்டு துள்ளி விழும் இரண்டாவது தடத்தை அளந்துவிடக் கூடாது. பத்து முறை விட்டு, தடங்களின் சராசரியை எடுக்கலாம். இன்னொன்று, பட்டையின் உயரத்திலிருந்து ஆற்றல் கணக்குப் போட்டு 'கிடைத்தள வேகம் 2.37 வர வேண்டுமே, 2 தானே வருகிறது' என்று சில மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. குண்டு வழுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. திண்மக் கோளம் சமதளத்தில் உருளும்போது ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. பட்டையின் பள்ளத்தில் உருண்டால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே போகும். அதனால்தான் வேகத்தை விழுந்த தூரத்திலிருந்து எடுக்கச் சொல்கிறோம். கலிலியோ 1608 வாக்கில் சாய்தளத்தில் பந்தை உருட்டி மேசையிலிருந்து விழவிட்டு அளந்த குறிப்புத்தாள்கள் இன்றும் இருக்கின்றன. அதே சோதனைதான் இது.

சாய்வாக எறியும் கணக்கிலும் வழி இதுவே. 15 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீ/வி வேகத்தில் 30 டிகிரி மேல்நோக்கி எறிந்தால், முதல் வேலை கூறுகளைப் பிரிப்பது. கிடைத்தளக் கூறு 17.32, செங்குத்துக் கூறு மேல்நோக்கி 10. ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் தரையைத் தொட 3 வினாடி. அப்போது செங்குத்துக் கூறு 10 கழித்தல் 30, அதாவது கீழ்நோக்கி 20. பலர் தொடக்கச் செங்குத்துக் கூறான 10-க்குப் பதிலாக எறிந்த வேகம் முழு 20-ஐப் போட்டுவிடுகிறார்கள். சரியான விடை 26.5 மீ/வி, சுமார் 49 டிகிரி கீழ்நோக்கி. உச்சியில் திசைவேகம் சுழி என்று எழுதுவதும் தவறு. அங்கே செங்குத்துக் கூறு மட்டுமே சுழி, 17.32 அப்படியே இருக்கிறது. கைபேசிக் கணிப்பானில் 30 டிகிரியின் சைன் கழித்தல் 0.988 என்று வந்தால் அது ரேடியனில் நிற்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் முற்றத்துத் தகரப் பீலியைப் பாருங்கள். தூறலில் வாயருகே விழும் நீர், அடைமழையில் வளைந்து தள்ளிப்போய் விழுகிறது. பீலி மட்டமாக இருந்து, வாய் 3.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், இரண்டு நீரும் தரைக்கு வர எடுப்பது ஒரே 0.81 வினாடிதான். மாறியது கிடைத்தளக் கூறு மட்டும். 1.2 மீட்டர் தள்ளி விழுந்தால் நீர் வாயை விட்டது சுமார் 1.5 மீ/வி வேகத்தில்.

பள்ளிக் கல்வித் துறை இந்த அளவீட்டை பிளஸ் 1 செய்முறையில் சேர்க்க வேண்டும். அதுவரை இந்த வட்டார ஆசிரியர்கள் எறிபொருள் பாடத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். பட்டையை முதல்நாளே கட்டி மட்டம் பார்த்து வைத்துவிட்டால், வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்தாலும் எல்லோரும் அளந்து முடிக்க நேரம் போதும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி