ஆடியைத் துடைக்க விடாத தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் மூழ்கிச் சேறான, நான் கையால் செய்த தொலைநோக்கி நேற்று இரவு மறுபடியும் வானத்தைப் பார்த்தது. சனிக்கோளின் வளையம் துளியும் கலங்காமல் தெரிந்தது. வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் முழங்கால் சேற்றில் என்னோடு நின்றவர்கள். நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தம்பிக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். மரச்சட்டங்களைத் தூக்க ஆள் போதவில்லை என்று யாரோ கூப்பிட, வந்து நின்றார். அதுவரை அவரை எனக்குத் தெரியாது. தொலைநோக்கியில் ஒளியைக் குவிக்கும் 16 அங்குல ஆடி, 14 கிலோ கண்ணாடி, முகமெல்லாம் வண்டல் அப்பியபடி வெளியே வந்ததும், நல்ல மனதோடுதான், நான்கைந்து கைகள் துணியோடு நீண்டன. "துடைக்காதீர்கள்!" என்றார். அதட்டல்தான். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

ஆடியின் அலுமினியப் பூச்சு ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. வண்டலில் இருப்பதோ மணல். பூச்சு போனாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன் அடியில் இருக்கும் குழிவு அப்படியல்ல. பச்சை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது 70 நானோமீட்டர் அளவுக்குள் மேடுபள்ளம் அடங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் கையால் தேய்த்த குழிவு அது.

அவர் அகலமான ஒரு தொட்டி கேட்டார். அடியில் துண்டை விரித்து, ஆடியை நீரில் மூழ்கவைத்து, சேறு தானாக இளகும்வரை காத்திருந்தார். சாய்த்து ஊற்றினார். புது நீர். மறுபடியும் காத்திருப்பு. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுமை போனது. மணல் முழுதும் போனது உறுதியான பிறகே ஒரு சொட்டு சோப்பு, நனைத்த பஞ்சு. அதையும் விரலால் அழுத்தாமல், பஞ்சு தன் எடையிலேயே நகரும்படி இழுத்தார். கறை படியாமலிருக்கக் காய்ச்சி வடித்த நீரால் கடைசி அலசல். ஆடியைச் சாய்த்து நிறுத்தி, தங்கிய துளிகளைத் தாளின் நுனியால் ஒற்றி எடுத்தபோது இருட்டிவிட்டது. எப்படி நன்றி சொல்வது என்று தடுமாறினேன். "சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக் கீறிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன் சார். அந்தக் கோபம்தான், வேறொன்றும் இல்லை" என்றார்.

பிளைவுட் பலகைகளை நிழலில் அடுக்கி, வளையாதபடி பாரம் வைத்துக் காயவைத்த ஆசாரி ஐயா, அலுமினியக் குழாய்களை நிமிர்த்தித் துருப்பிடித்த போல்ட்டுகளுக்குப் பதில் புதியவை தந்த லேத் பட்டறை அண்ணன், தொலைநோக்கி வழுக்கித் திரும்புவதற்கான டெஃப்ளான் பட்டைகளை வெட்டித் தந்தவர், திண்ணையும் மாடியும் தந்தவர்கள், சுமந்தவர்கள், சும்மா வந்து பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. 'பேசாமல் கடையில் ஒன்று வாங்கிவிடுங்கள்' என்றவருக்கும் சொல்லத்தான் வேண்டும். அந்த எரிச்சலில்தான் அடிப்பெட்டி சீக்கிரம் முடிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கி ஆடிக்கு மெருகேற்றும்போது இடையில் கையை எடுக்க முடியாமல் 16 மணி நேரம்கூட வேலை செய்திருக்கிறார். தங்கை கரோலின் பக்கத்தில் இருந்து உணவைத் துண்டுதுண்டாக அவர் வாயில் ஊட்டியிருக்கிறார். (அந்தத் தங்கை பின்னாளில் வால்மீன்களையே கண்டுபிடித்தார்.) 'நானே செய்த தொலைநோக்கி' என்று இத்தனை நாள் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். இனி வாய் வருமா என்று தெரியவில்லை.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் இந்த மரப்பெட்டி அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன் 1968 முதல் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்களைக் கூப்பிட்டு நிலவைக் காட்டியவர். நானும் வளர்பிறை மாலைகளில் இதைத் தெருமுனைக்குக் கொண்டுவருவேன். யாருடைய ஆடி எங்கே அழுக்கானாலும் தொட்டியோடு வந்துவிடுவேன், இதுவும் வாக்கு.

நேற்று சனியைப் பார்த்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "இதற்கு எத்தனை பவர் சார்?" அடுத்ததாக வரிசையில் நின்றவர்களிடம் அவரே விளக்கத் தொடங்கிவிட்டார்: கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருப்பித் தெளிவாக்கிக்கொள்ளலாம், சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது. வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சட்டையில் துடைக்க வேண்டாம், அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.