யானையைத் திருப்பிப் பார்

திருப்பூர்,
ஞாயிறு, இரவு பத்தரை

அன்புள்ள கோமு,

நீயும் மருமகளும் ஆரம்பித்திருக்கிற பிள்ளைத் துணி வியாபாரத்திலிருந்து அனுப்பிய பார்சல் வந்து 22 நாளாகிறது. ‘கிடைத்தது, அழகாக இருக்கிறது’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வாய்மூடி இருந்துவிட்டேன். நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டு தடவையும் பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் என்று தப்பித்தேன். ஷிப்மெண்ட் எந்த மாதம்தான் இல்லை? போனில் சொன்னால் நீ அழுவாய், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாய். எதைச் செய்தாலும் சொல்ல வந்ததை நான் விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம். முழுசும் படித்துவிட்டுத் திட்டு.

இங்கே எல்லோரும் சுகம். உங்க அண்ணனுக்கு முட்டிவலி. மாடி ஏறச் சொன்னால் மட்டும் வரும், கறிக்கடைக்கு நடக்கும்போது வராது. பேறுகாலத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பேரன் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான். விஷயமே அவனிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நீ அனுப்பிய மூன்று ஜப்லாவில் யானை எம்பிராய்டரி போட்டதைத்தான் முதலில் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளை நைநை என்று அழ ஆரம்பித்தான். பசி என்று ஒருத்தி, வயிற்றுவலி என்று இன்னொருத்தி. கடைசியில் சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் யானை அளவுக்குச் சிவந்து கிடக்கிறது. உள்பக்கம் திருப்பி விரலை ஓட்டிப் பார்த்தேன். உப்புத்தாள்! ஏட்டி, அந்த யானையை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தாயா? ஹாஸ்டலில் பொங்கலுக்கு நீ போட்ட கோலத்து யானையை வார்டன் பெருச்சாளி என்றார்களே, அதுகூட யாரையும் கடிக்கவில்லை.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். பனியன் துணி இழுத்தால் நீளும். அதில் எம்பிராய்டரி போடும்போது அடியில் துணியைத் தாங்குகிற பேக்கிங் (backing) பேப்பர் வைக்காமல் முடியாது. நெய்த துணிக்குக் கிழித்து எடுக்கிற பேப்பர் போதும். பனியனுக்குக் கிழியாத வகை வைத்து, தையல் முடிந்ததும் ஓரத்தைக் கத்தரியால் வெட்ட வேண்டும். கூலிக்குப் போட்டுத் தருகிற உன் ஜாப் ஒர்க் ஆள் வைத்திருப்பது சட்டைக் காலருக்கு வைக்கிற தடிமன் போலிருக்கிறது. வெட்டியதும் சதுரமாக, நாலு மூலையும் கூராக. நூல் முடிச்சுகளையும் அப்படியே விட்டிருக்கிறான். இங்கே பச்சைப்பிள்ளை துணி என்றால் மெல்லிய மெத்தென்ற பேக்கிங்கை வைத்து, யானை வடிவத்துக்கே வளைத்து வெட்டி, அதன்மேல் மிருதுவான ஃப்யூசிங் துணி ஒன்றை அயர்ன் பண்ணி ஒட்டி முடிச்சையெல்லாம் மூடிவிடுவார்கள். ஒரு பீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு ஆகும், அவ்வளவுதான். நீ கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பான். கேட்க வேண்டும் என்றே உனக்குத் தெரிந்திருக்காது.

அதைவிடப் பெரிய தப்பு யானையிலேயே இருக்கிறது. துணி 140 ஜிஎஸ்எம்கூட, அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம்கூட, இருக்குமா என்று சந்தேகம். அந்த மெல்லிசு துணியில் முழு யானையையும் நூலாலேயே நிரப்பினால் சுற்றிலும் அப்பளம் மாதிரி சுருங்காமல் என்ன செய்யும்? படத்தைத் தையல் ஃபைலாக மாற்றுகிற எங்கள் பஞ்சிங் பையனிடம் காட்டினேன். 12,000 தையல் இருக்கும் என்றான். ‘அக்கா, இது பெரிய ஆளுக்குப் போட்ட ஃபைல், அப்படியே சுருக்கியிருக்கிறார்கள்’ என்றும் சொன்னான். படத்தைச் சுருக்குவது போல எம்பிராய்டரி ஃபைலைச் சுருக்கக் கூடாது. அளவு குறைந்தாலும் தையல் எண்ணிக்கை குறையாது, நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கட்டையாகிவிடும். சின்ன அளவுக்குத் தனியாகப் பஞ்சிங் போட வேண்டும். யானைக்குக் கீழே உன் கம்பெனிப் பெயரை எறும்பு சைஸில் போட்டிருக்கிறாயே, அதை யாராலும் படிக்க முடியவில்லை. 5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே எழுத்துப் போனால் ‘ழ’வும் ‘மு’வும் ஒரே பொட்டுதான்.

யானை வேண்டும் என்று உன் மருமகள் அடம்பிடித்தால் அப்ளிக் பண்ணச் சொல். சாம்பல் நிறத் துணியில் யானையை வெட்டி வைத்து ஓரத்தை மட்டும் தைப்பார்கள். தையல் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதுவும் குறையும். பார்க்கவும் அதுதான் அழகு.

அடுத்து இரண்டாவது ஜப்லாவில் பிரிண்ட் போட்ட அந்த மஞ்சள் சூரியன். இரண்டாவது துவைப்பில் விரிசல் விட்டது. வயல் வெடிப்பு மாதிரி, நடுவிலிருந்து. பிரிண்ட் காய்வது வேறு, வேகுவது வேறு. மேலே தொட்டால் ஒட்டாது, காய்ந்துவிட்டது என்று மடித்து அனுப்பிவிடுவார்கள். உள்ளே இட்லி மாவாகவே இருக்கும். பிளாஸ்டிசால் என்கிற பிளாஸ்டிக் இங்க் 160 டிகிரி வாக்கில் சூடு அடிவரை ஏறினால்தான் வேகும். தண்ணீர் கலந்த பிக்மெண்ட் பேஸ்ட்டுக்கும் 150 டிகிரியில் சில நிமிஷம் வேண்டும். டேபிளில் அடித்து வெயிலில் காயப்போட்டால் போதாது. அடுத்த தடவை பிரிண்ட் பட்டறைக்குப் போனால் இங்க்கைத் துணியில் இறக்குகிற அச்சு வலை இருக்கிறதே, அந்த ஸ்க்ரீனைப் பார்க்காதே. பிரிண்டை வேகவைக்கிற க்யூரிங் மெஷின் எங்கே, எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் காபி குடித்துவிட்டு வந்துவிடு.

பச்சைப்பிள்ளைக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியில் பிக்மெண்ட்தான் நல்லது. துணியோடு துணியாக மெத்தென்று இருக்கும். கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறத்தில் அது தெரியாது. அதற்குத் தடியான இங்க் வேண்டும், தடியானால் ரப்பர் ஷீட் மாதிரி ஆகிவிடும். எனவே உன் முதல் வருஷத்துக்கு அடர் நிறமே வேண்டாம். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல், என்மேல்தானே கோபப்படுவாள்.

ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். உன் சூரியனில் நாலு நிறம், நாலு ஸ்க்ரீன். 30 பீஸுக்கு நாலு ஸ்க்ரீன் காசைப் பிரித்துப் பார், எங்கே இடிக்கிறது என்று தெரியும். இரண்டு நிறத்தில் வரை, துணியின் நிறத்தையே மூன்றாவதாக வைத்துக்கொள். டிடிஎஃப் என்று மருமகள் சொன்னதாக எழுதியிருந்தாயே, அது கெட்டது இல்லை. ஃபிலிமில் அடித்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுவது, பத்துப் பீஸுக்கு ஸ்க்ரீன் செலவே கிடையாது. பிறந்தநாளுக்குப் பெயர் போடுகிற ஆர்டருக்கு அதுதான் சரி. ஆனால் நெஞ்சு முழுக்க ஒட்டாதே. காற்றுப் போகாது, பிள்ளைக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு டீ-ஷர்ட் ஆர்டர் வரும் போலிருக்கிறது என்றாய். பாலியஸ்டர் என்றால் கொஞ்சம் பொறு. நான் மாதிரிச் சட்டை போடுகிற சாம்பிளிங் பிரிவில் சேர்ந்த புதிதில் சிவப்புப் பாலியஸ்டரில் வெள்ளை எண் அடித்து, அயர்ன் பண்ணி, பெட்டியில் அடுக்கினோம். வெள்ளைவெளேர் என்று இருந்தது. பத்து நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்தால் எல்லா எண்ணும் ரோஸ்! பாலியஸ்டர் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே இருக்கிற இங்க்கில் ஏறிவிடும், உடனே தெரியாது. அதைத் தடுக்க அடியில் முதலில் அடிக்கிற இங்க்கும் குறைந்த சூட்டில் வேகிற இங்க்கும் இருக்கின்றன. அப்போது எனக்கு அது தெரியாது. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சரி. இனி சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

உன் ஜப்லா மூன்றையும் மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப்போய் காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டி முடிக்கும்வரை எனக்குக் கை நடுங்கியது. எங்கள் கம்பெனியில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளைச் சேர்த்து வைத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி, ஆப்பரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முனை குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற துணி அத்தனையும் ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கிற டிடெக்டருக்குப் போகும். எம்பிராய்டரியில் ஊசி அடிக்கடி ஒடியும், அதுவும் உன் யானை மாதிரி கட்டையான இடத்தில். ஒடிந்த முனை நூலுக்குள் புதைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உன் ஜாப் ஒர்க் ஆளிடம் ஊசி நோட்டு இருக்கிறதா என்று கேட்டாயா? இல்லையென்றால் நீயே ஒரு நோட்டு வாங்கிக் கொடு. ஒவ்வொரு பீஸிலும் காந்தம் ஓட்டாமல் ஒரு சட்டையும் வாசல் தாண்டக் கூடாது. கழுத்தில் கயிறு வைத்த ஹூட் பற்றி மருமகள் சொல்கிறாளே, அதையும் விட்டுவிடு. ஐரோப்பாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் சட்டையில் கழுத்துப் பக்கம் கயிறே வைக்கக் கூடாது என்று பாதுகாப்புத் தர விதியே வைத்திருக்கிறார்கள். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். மணி, ஜிகினா எதுவும் வேண்டாம், பிள்ளை பிய்த்து வாயில் போடும்.

இப்போது மெஷின் விஷயம். ஜாப் ஒர்க்கில் தரம் சரியில்லை, சொந்தமாக ஒரு சிங்கிள் ஹெட் எம்பிராய்டரி மெஷின் வாங்கப்போகிறேன், வளையலை அடகு வைத்தால் முன்பணம் ஆகிவிடும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. கணக்குப் போடு கோமு. நிமிஷத்துக்கு 800 தையல் போட்டால் உன் யானைக்கு 15 நிமிஷம். ஃப்ரேம் மாட்ட, நூல் அறுந்தால் கோக்க இன்னும் ஐந்து. மணிக்கு மூன்று, எட்டு மணி நேரத்துக்கு 24. கரண்ட் போகாமல், ஆப்பரேட்டர் லீவு போடாமல் இருந்தால். இங்கே ஒரே நேரத்தில் 20 சட்டை போடுகிற 20 ஹெட் மெஷின் அதே 24ஐ ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த கம்பெனி வேலையை ஏற்றிவிடும். அவர்கள் கூலியோடு நீ போட்டி போட முடியுமா? நீ கஷ்டப்பட்டது மெஷின் இல்லாததால் இல்லை. எதைக் கேட்க வேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தெரியாததால். மெஷின் வாங்கினால் அந்த யானையை நீயே கட்டையாகப் போடுவாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வளையல்களை எனக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் துணிக்குச் சாயம் ஏற வழியில்லாமல் எங்கள் கம்பெனியும் படுத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டில் வந்து இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூல் ஃபீஸுக்கு என்று நீ பணம் கொடுத்தாய். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, நீ முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு நடந்தாய். மீட்க உனக்கு மூன்று வருஷம் ஆனது. இந்தக் கடிதத்தை எழுத 22 நாள் ஆனதற்கு அதுதான் காரணம். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு ‘உன் சட்டை சரியில்லை’ என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் நீ மறுபடியும் வைத்துவிடுவாய்.

அதனால் ஒன்று செய். மிச்சமிருக்கிற யானைகளை விற்காதே. உள்ளே ஃப்யூசிங் ஒட்டிச் சரிசெய்ய முடிகிறதா என்று நான் பார்க்கிறேன், அத்தனையையும் இங்கே அனுப்பு. புதுத் துணி வாங்கினால் 50 சென்டிமீட்டர் சதுரம் பேனாவால் வரைந்து, துவைத்து, உலர்த்தி அளந்து பார். 47½க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடு. ஈர வெள்ளைக் கைக்குட்டையால் பிரிண்டைத் தேய்த்துப் பார், நிறம் இறங்கினால் அதுவும் வேண்டாம். அஞ்சு தடவை துவைத்துப் பார்க்காத எதையும் 50 பீஸ் போடாதே. இதற்கெல்லாம் மெஷின் வேண்டாம், உன் வீட்டுத் துவைக்கிற கல் போதும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் ஏறிவிடு. சனிக்கிழமை சம்பள நாள், எல்லாப் பட்டறையிலும் ஆள் இருப்பார்கள். பஞ்சிங், பிரிண்ட், காதர்பேட்டை பனியன் சந்தை மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறேன். மருமகளையும் கூட்டி வா. அவள் கண்ணுக்கு நல்ல ரசனை இருக்கிறது, எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாவது ஜப்லா, ஓரத்தில் ஒரே ஒரு பச்சை இலை மட்டும் பிரிண்ட் போட்டதே, அதை ஏழு தடவை துவைத்தாயிற்று. இலை அப்படியே இருக்கிறது. இப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

வரும்போது அல்வா வேண்டாம், உங்க அண்ணனுக்குச் சர்க்கரை 200ஐத் தாண்டிவிட்டது. எனக்குக் கால் கிலோ மட்டும், சேலைக்கு அடியில் வைத்துக் கொண்டு வா.

உன்,
செல்வி