பேஸ்பாலுக்கு இரண்டு வரி இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து உங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கரடி, காட்டுமாடு, பச்சைத் தேயிலை விலை ஆகியவற்றைப் பற்றித்தான் இருக்கும். நானே கரடிக்காக ஒருமுறை எழுதி, நீங்களும் போட்டீர்கள். (கரடி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.) இந்த முறை பேஸ்பால். மார்ச் கடைசி வாரத்தில் அமெரிக்காவில் புதிய சீசன் தொடங்குகிறது. உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட வராது என்று அனுபவத்தில் தெரிந்ததால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர். பெண் பிள்ளைகளுக்குப் பல வருஷம் சாஃப்ட்பால் சொல்லிக் கொடுத்தேன். சாஃப்ட்பாலைப் பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். பந்து கொஞ்சம் பெரிசு, கையைக் கீழிருந்து வீச வேண்டும், மற்றபடி ஜாடை அதேதான். எங்கள் மலையில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். நாங்கள் ஆடிய மைதானத்தின் வலது ஓரம் நேராகத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கும். செடிக்குள் போன பந்தைத் தேடுவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன்: தோட்டத்துக்குள் அடித்தால் அவுட், அடித்தவளே போய் எடுத்து வர வேண்டும். பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தால் அது ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. உலகத்தில் ஹோம் ரன்னுக்குத் தண்டனை கொடுத்த ஒரே கோச் நானாகத்தான் இருப்பேன். ஒன்பது கிளவுஸ் கேட்டு எழுதிக் கொடுத்தால் நான்கு வந்தன. அவற்றில் மூன்று இடக்கைக்காரர்களுக்கானவை. சரி, அது பழைய கதை.

சியாட்டிலில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் 2002இல் விடுமுறைக்கு வந்தபோது, "சித்தி, இதைப் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுங்க" என்று ஒரு சிடியைக் கொடுத்தான். அதில் சியாட்டில் மரினர்ஸ் அணியின் இச்சிரோ சுசுகி 2001 ஏப்ரலில் ஓக்லாண்ட் அணிக்கு எதிராக எறிந்த ஒரு எறி இருந்தது. நான்கு மூலையில் இருக்கும் பேஸ்களை வரிசையாகத் தொட்டுச் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். முதல் பேஸிலிருந்த ஓட்டக்காரர் மூன்றாம் பேஸுக்கு ஓடுகிறார். வலது கோடியில் பந்தை எடுத்த இச்சிரோ அங்கிருந்தே எறிகிறார். பந்து தரையில் படாமல், கயிறு கட்டி இழுத்த மாதிரி மூன்றாம் பேஸ்காரரின் கிளவுஸுக்குள் போய் விழுகிறது. ஓடி வந்தவர் அவுட். பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதை இருபது தடவையாவது பார்த்திருப்போம். "டீச்சர், அவரு நம்மள மாதிரி ஒல்லியாத்தான் இருக்காரு" என்றாள் ஒருத்தி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. அந்த இச்சிரோவுக்குப் போன வருஷம் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. வாக்களித்த 394 பேரில் 393 பேர் அவர் பெயரை எழுதினார்கள். எழுதாத அந்த ஒருவரைப் பார்த்தால் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

பிடித்த அணி சரியான அணியா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மரினர்ஸ் 1977இல் தொடங்கிய அணி, இது அதற்கு 50வது சீசன். இன்றுவரை உலகத் தொடர் எனப்படும் இறுதிக் கட்டத்துக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி அதுதான். 2001இல் 116 ஆட்டங்களை ஜெயித்து, அப்புறம் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அதற்குப் பிறகு 2022 வரை நாக்அவுட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. என்னிடம் சாஃப்ட்பால் ஆடிய பிள்ளைகள் கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற அளவுக்குக் காலம் ஓடிவிட்டது.

போன வருஷம்தான் ஆசை காட்டினார்கள். அக்டோபர் 11, சனிக்கிழமை. டெட்ராய்ட் அணியுடன் நடந்த ஆட்டம் நம் நேரப்படி விடியற்காலை ஐந்தரைக்கு மேல் ஆரம்பித்து, ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினைந்து வரை போனது. இட்லி ஊற்ற வைத்திருந்த மாவு அப்படியே இருக்க, பத்தரை மணிக்கு எங்கள் பொலாங்கோ அடித்த அடியில் ஜெயித்தோம். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் காலைச் சாப்பாடு இல்லை.

அடுத்து டொரொன்டோவுடன் ஏழு ஆட்டம். ஏழாவது ஆட்டம் தீபாவளிக்கு மறுநாள் காலை. வெளியே மழை. மேசையில் முந்தின நாள் மிச்சமான அதிரசம். ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று நாங்கள்தான் முன்னால். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் உலகத் தொடர். டொரொன்டோக்காரர்கள் இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். கடைசிக் கட்டத்துக்கென்றே வைத்திருக்கும் பந்து வீச்சாளர் முன்யோஸை அப்போதே கொண்டு வந்திருக்கலாம். மேனேஜர் டான் வில்சன் பசார்டோவைக் கூப்பிட்டார். டொரொன்டோவின் ஸ்பிரிங்கர் அடித்தார், பந்து வேலிக்கு வெளியே, மூன்று ரன், 4-3. கடைசி வரை ஸ்கோர் அதுதான். கையில் எடுத்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். இழவு வீட்டுக்காரிக்கு ஒரு இரங்கல் செய்திகூட இல்லை.

இப்போது மறுபடியும் சீசன். மறுபடியும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

எங்கள் கேட்சர், அதாவது மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர், கால் ராலி. பெயரே கால், வேலை முழுக்க முழங்காலில். போன வருஷம் 60 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் எந்தக் கேட்சரும் ஒரு சீசனில் 48ஐத் தாண்டியதில்லை. வருஷா வருஷம் 60 வருமா? வராது. 40 வந்தாலே மாவிளக்கு போடுவேன். எனக்கு அதைவிடக் கவலை புதுச் சட்டத்தைப் பற்றித்தான். ஓரமாக வரும் பந்தை வாங்கும்போதே மணிக்கட்டை மெல்ல உள்ளே இழுத்து, அது நல்ல பந்துதான் என்று நடுவரை நம்ப வைப்பது கேட்சரின் கலை. ராலி அதில் கெட்டிக்காரர். இந்த வருஷம் முதல், மட்டைக்காரரோ பந்து வீசும் பிட்சரோ கேட்சரோ தன் தொப்பியைத் தட்டினால் கேமரா வந்து தீர்ப்புச் சொல்லும். ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு; கேட்டது சரியாக இருந்தால் வாய்ப்பு கழியாது. கிரிக்கெட்டின் டிஆர்எஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயம்தான். ஆனால் நியாயம் எங்கள் அணிக்கு லாபமா என்று தெரியவில்லை.

பொலாங்கோ இப்போது நியூயார்க் மெட்ஸில். பிட்சர்களின் கைகளை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. கில்பர்ட், கிர்பி, மில்லர், வூ என்று நால்வருக்கும் போன வருஷம் முழங்கை, தோள், மார்பு என்று எங்காவது ஒரு வலி. தோள் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடு என்று நானும் ஒருமுறை கெஞ்சியிருக்கிறேன். அவளுக்கு அதற்கப்புறம் கை பழைய மாதிரி ஆகவில்லை. அதனால் ஒரு பிட்சர் தோளைப் பிடித்துக்கொண்டால் என்னால் திரையைப் பார்க்க முடியாது.

நம்பிக்கை என்றால் ஜோஷ் நெய்லர். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் அவரைத் தக்க வைத்துக்கொண்டார்கள். தாட்டியான ஆள், ஓட்டத்தில் வேகமே கிடையாது. ஆனாலும் போன வருஷம் 30 பேஸ் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலே, பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டார். சியாட்டிலுக்கு வந்த பிறகு திருடிய 19இல் ஒன்றில்கூட மாட்டவில்லை. காலை நம்பாதே, பிட்சரின் தோளைப் பார், அது அசைந்ததும் கிளம்பு என்று நான் வருஷக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியதை அந்த மனிதர் செய்து காட்டுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சியாட்டிலில் மாலை 6.40க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 7.10. அக்கா மகனின் கணக்கில் கைப்பேசியில் பார்ப்பேன். எங்கள் பக்கம் மழை வலுத்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வரும் உங்கள் பத்திரிகை ஒன்றுதான் கதி. ஒரு சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டம். எல்லாவற்றையும் போடச் சொல்லவில்லை. ஐபிஎல்லுக்குக் கொடுக்கும் பக்கங்களைக் குறைக்கவும் சொல்லவில்லை, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். திங்கட்கிழமைதோறும், ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் சரி, யார் எத்தனை ஜெயித்தார்கள், எத்தனை தோற்றார்கள் என்று இரண்டு வரி போடுங்கள். ஊரின் பெயர் சியாட்டில். அச்சில் 'சீட்டில்' என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோத்தகிரி.