தண்ணீர்தானே என்று இருந்துவிடாதே

பெகு, பர்மா

அன்பு மகளுக்கு,

சிங்கப்பூர் பழச்சாறு ஆலையில், சாறு பாட்டில்களைத் தண்ணீருக்குள் வைத்து அமுக்கிக் கிருமியைக் கொல்லும் 6,000 பார் மெஷினில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே ஏறக்குறைய ஒரு பார்தான். ரைஸ் மில்லில் முப்பது வருஷம் உமி போட்டு எரித்த என் பாய்லர் 10 பாரைத் தாண்டியதில்லை. கடலின் மிக ஆழமான குழியின் அடியில்கூட ஏறக்குறைய 1,100 பார்தான்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்கியது. பெரிய பிஸ்டன் சின்ன பிஸ்டனைத் தள்ளுகிறது. சின்னதின் பரப்பு பெரியதில் இருபதில் ஒரு பங்கானால், பெரியதைத் தள்ளும் 300 பார் எண்ணெய், சின்னதின் முன்னால் உள்ள தண்ணீரை 6,000 பாருக்கு ஏற்றிவிடும். அது சரி. பாட்டில்களை வைத்து அமுக்கும் அந்த எஃகுக் கலத்தைச் செய்த விதம்தான் என்னை அசத்திவிட்டது. சுவரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் பாரம் உள்பக்கத்தில்தான் அதிகம் விழும், வெளிப்பக்கம் அவ்வளவாகத் தோள் கொடுக்காது. அதனால் எஃகுக் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, உள்சுவரை முன்கூட்டியே நெருக்கி வைக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறுக்குவார்களே, அந்த வேலைதான். அழுத்தம் ஏறும்போது முதலில் அந்த நெருக்கம் தளரும், அதற்கு அப்புறம்தான் சுவர் இழுபடும்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். பாய்லரைத் தண்ணீர் நிரப்பிச் சோதித்தால் பயமில்லை, தண்ணீர் சுருங்காது, விரிசல் விட்டால் கசியும், அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கிவிடும் என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேன். என் பாய்லருக்கு அது சரி. உன் கலத்துக்குச் சரியில்லை. 6,000 பாரில் தண்ணீர் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சுருங்குகிறது. உங்கள் 300 லிட்டர் கலத்தில் இன்னும் ஐம்பது லிட்டர் போல உள்ளே திணிக்கிறீர்கள். அது அத்தனையும் இழுத்த வில்லாக நிற்கிறது.

கசிவு என்று தோன்றினால் கையால் தடவிப் பார்க்காதே. 4,000 பார் தண்ணீரில் மணல்பொடி கலந்து இரும்பையே அறுக்கிறார்கள். சதைக்கு மணல் தேவையில்லை. முள் பூஜ்யத்தில் நின்ற பிறகு கிட்டே போ. மூடிக்கு நேராக நிற்காதே. என் இடது கைத் தழும்பு உனக்குத் தெரியும். மூட்டில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் பிய்ந்து வந்த நீராவி அது, வெறும் 8 பார்.

இன்னொன்று. ஒவ்வொரு அமுக்கும் இரும்புக்கு ஒரு வளைப்பு. எத்தனை ஆயிரம் தடவை அமுக்கியாயிற்று, எத்தனை தடவைக்கு அந்தக் கலம் செய்யப்பட்டது என்று கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார். கேட்பதற்குக் கூச்சப்படாதே. இரண்டு எண்ணையும் எனக்கு எழுது.

அப்பா