கடுகின் எடை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் ஐந்து படங்களும் வந்து சேர்ந்தன. ஐந்திலும் உன் பொமரேனியன் நாய்க்குட்டியைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். ஒரு படத்தில் உன் செருப்புக்குள் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றில் போர்வை மடிப்பு என்று நான் நினைத்தது அவள் காதாம்! கடுகு என்று பெயர் வைத்தது சரிதான். காரம் எப்படி என்று போகப் போகத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். மகள் விடுதிக்குப் போனதிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. என் முழங்கால்தான் படி ஏறும்போதெல்லாம் முனகுகிறது. என் நாய் சுண்டுவுக்கு ஒன்பது வயதாகிறது, முகவாய் நரைத்துவிட்டது. இதை எழுதும்போதும் என் காலடியில் குறட்டைதான்.

சரி, உன் கவலைக்கு வருகிறேன். "பத்து வாரமாகியும் 700 கிராம்தான் இருக்கிறாள், இவள் வளரவே மாட்டாளா?" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். பொமரேனியன் முழுதாக வளர்ந்தாலே ஒன்றரையிலிருந்து மூன்று கிலோவுக்குள்தான். அதனால் 700 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. போன வாரம் எவ்வளவு இருந்தாள் என்பதுதான் கேள்வி. அதை நீ எழுதவே இல்லை! சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் அவளை உட்கார வை. ஒரு நோட்டில் குறித்துக்கொள். வாராவாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அவள் தன் கணக்குப்படி வளர்கிறாள் என்று அர்த்தம். ஒரு வாரம் ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ டாக்டரிடம் போ. அடுத்த வீட்டு லாப்ரடாரோடு ஒப்பிடாதே. அது ஒன்றரை வயதுவரைகூட வளரும். சின்ன இனங்கள் பத்து மாதம், ஒரு வருடத்தில் முடித்துவிடும்.

எடை ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடல் புழுவை. தாயின் வயிற்றிலிருந்தே, பாலிலிருந்தே குட்டிக்குத் தொற்றிவிடும். முதுகெலும்பு கையில் தட்டுப்பட, வயிறு மட்டும் பலூன் மாதிரி இருந்தால் பெரும்பாலும் அதுதான். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, அதற்கும் அந்த நோட்டு உதவும். சாப்பிட்டு முடித்ததும் சோர்ந்து போகிறாள், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால் அது வேறு விஷயம். கல்லீரலைப் பார்க்கச் சொல்.

விற்றவர் "டீகப்" என்று சொன்னாராம், குறைவாகச் சாப்பாடு போட்டால் இப்படியே சின்னதாக இருக்கும் என்றாராம். எனக்கும் இதையே ஒருவர் சொன்னார். அப்போது நம்பாமல் போனது என் அதிர்ஷ்டம். டீகப் என்று தனி இனம் எதுவும் இல்லை, விற்பனைக்காக வைத்த பெயர். பட்டினி போட்டால் குட்டி சின்னதாக இருக்காது, நோயாளியாகத்தான் இருக்கும்.

பட்டினி என்றதும் நினைவு வருகிறது. சுண்டு பதினோரு வாரக் குட்டியாக இருந்தபோது ஒரு நாள் வீடு நிறைய விருந்தினர். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் அவளைத் துரத்தி விளையாடினார்கள். களைத்துப்போய் இரவு சாப்பிடாமலே தூங்கிவிட்டாள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், சும்மா தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. தூக்கினால் தலை ஈரத்துணி மாதிரி தொங்கியது, ஈறு வெளுத்திருந்தது. விரலில் தேன் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே, துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். போகும் வழியிலேயே என் விரலை நக்க ஆரம்பித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த அளவுக் குட்டிகளின் கல்லீரலில் சேமிப்புச் சர்க்கரை மிகக் குறைவு, ஒரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்றார் டாக்டர். ஆகவே கடுகுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, கடைசி வேளை நீ படுக்கப்போகும் நேரத்தில் இருக்கட்டும். தள்ளாடினாலோ நடுங்கினாலோ உடனே தேன் தேய். ஆனால் மயங்கிக் கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதே, நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம், அழகுபடுத்துவது எப்போது என்று கேட்டிருந்தாய். இப்போது அழகு வேண்டாம், கை பழகினால் போதும். தினமும் மடியில் போட்டு பாதம், காது, வாய் எல்லாம் தொட்டுப் பார். நான் இதைச் செய்யாமல் நேரடியாக நகவெட்டியோடு இறங்கினேன். சுண்டுவுக்குக் கறுப்பு நகம், உள்ளே ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. மூன்றாவது நகத்தில் கத்தினாள் பார், தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். சோளமாவை அழுத்தித்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைப் பார்த்தாலே பாதத்தை வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொள்வாள். வளைந்த நுனியை மட்டும் வெட்டு, போதும்.

குளியல் மாதத்துக்கு ஒருமுறை என்றாலே அதிகம். வெதுவெதுப்பான நீர், நாய்க்கான ஷாம்பு. முடி அடி வரைக்கும் காயும்வரை விடாதே, சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைத்துச் சீவினால் போதும். சிக்கு முதலில் காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும்தான் விழும். வாலைத் தூக்கியும் பார். இரண்டு நாளாகச் சுண்டு மலம் போகவில்லை என்று நான் பயந்து கிடந்தேன். கடைசியில் பார்த்தால் பின்புற முடியில் ஒட்டிக் காய்ந்து வாசலையே அடைத்திருக்கிறது! வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு எடுத்தேன். இழுக்காதே, தோல் கிழிந்துவிடும்.

தெள்ளுப்பூச்சி தெரிந்தால் அடர்ந்த பல் சீப்பால் வாரி எடு. இந்த எடைக்கு அவை குடிக்கும் ரத்தமே அதிகம். பெரிய நாய்க்கு வாங்கின மருந்தைப் பாதி போடலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதே.

நான்கு, ஐந்து மாதத்தில் குட்டி முடி கொட்டி, முகம் குரங்குக்குட்டி மாதிரி ஆகிவிடும். அப்போது என்னிடம் புலம்பி எழுதுவாய், தெரியும். பெரிய முடி வர ஒரு வயது தாண்டும். அதுவரை மழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, பொமரேனியனுக்கு மழித்த முடி சில சமயம் சரியாகத் திரும்ப வளர்வதில்லை. அதே சமயத்தில்தான் 28 பால் பல்லும் விழுந்து 42 பல் முளைக்கும். சின்ன வாயில் பழைய கோரைப்பல் விழாமல் புதியது பக்கத்திலேயே எழும்பி நிற்கும், சுண்டுவுக்கு இரண்டு பக்கமும் அப்படித்தான். டாக்டரிடம் காட்டினால் எடுத்துவிடுவார்.

தடுப்பூசி பதினாறு வாரம்வரை தொடரும். அதுவரை தெருவில் இறக்காதே, ஆனால் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போ, வண்டிச் சத்தமும் புது முகங்களும் பழகட்டும். கயிறு கட்டும்போது கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை வாங்கு. சோபாவில் தனியாக விடவே விடாதே. குதித்தால் முன்னங்கால் எலும்பு தாங்காது.

சுண்டு எழுந்துவிட்டாள், கதவருகே நின்று என்னை முறைக்கிறாள். ஞாயிறு காலை எடை போட்டதும் முதல் வேலையாக எண்ணை எழுதி அனுப்பு. இன்னும் ஒரு படமும் வேண்டும், இந்த முறை பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்து எடு.

அன்புடன்,
உன் பழைய தோழி