ஹிந்தோளத்துக்கு இரண்டாம் குரல்

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்காக நீ என்னை ஏற்கெனவே திட்டித் தீர்த்திருப்பாய் என்பதால், சமாதானம் சொல்வதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்னிடமிருந்து ஒரு தீர்ப்பும் ஓர் உதவியும் வேண்டும். தீர்ப்பு, ஃபோர்த் இடைவெளியைப் பற்றியது; ஸட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் நடுவே இருக்கிற அதே இடைவெளிதான். சிரிக்காதே. ஒலிப்பதிவுக் கூடக் காலத்திலிருந்து என்னைப் பார்த்தவன் நீ. இந்த வயதில் ஓர் இடைவெளிக்காக நான் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதை நம்பக்கூடிய ஒரே ஆளும் நீதான்.

சினிமா ஒலிப்பதிவுக் கால்ஷீட்டுகள் நின்றுபோன பிறகு வயலின் வகுப்பாக இருந்த என் முன்னறை, இப்போது ஏறக்குறைய முழுவதும் மெட்டமைக்கும் வகுப்பாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் கேட்ட கட்டணத்தை மறுபேச்சில்லாமல் கொடுக்கிற பெற்றோர்கள், மெட்டமைக்கச் சொல்லித்தருகிறேன் என்றால் மட்டும் தயங்குகிறார்கள். 'அதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டியது இல்லையா சார்?' என்பது முதல் கேள்வி. 'சிலபஸ் உண்டா, சான்றிதழ் கிடைக்குமா?' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை உண்மையிலேயே நம்புகிறவர் இரண்டாவதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்ல வாயெடுத்து, மாதக் கடைசி என்பதால் பெரும்பாலும் அடக்கிக்கொள்கிறேன்.

வருகிறவர்களோ ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மயிலாப்பூர் மாமி ஒருவர் அம்பாள் மேல் தாமே எழுதிய பாடல்களுக்கு மெட்டுத் தேடி வருகிறார். நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள் பாடமாகியிருப்பதுதான் அவருடைய இடைஞ்சல், ஏனென்றால் கல்யாணியில் எதைத் தொடங்கினாலும் இரண்டாவது ஆவர்த்தனத்துக்குள் அது அவருக்குத் தெரிந்த ஏதோ ஒரு கீர்த்தனைக்குள் போய் விழுந்துவிடுகிறது. வேளச்சேரியிலிருந்து வரும் மென்பொருள் தம்பி மடிக்கணினியில் பதினாறு டிராக் அடுக்கிக்கொண்டு வருகிறான். அவற்றில் மெட்டு எந்த டிராக்கில் இருக்கிறது என்று நான் கேட்டபோது, 'அதை மட்டும் கடைசியில் போடலாம் என்று விட்டிருக்கிறேன்' என்றான். வேப்பேரியிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர் நாலு குரலுக்குத் தமிழ்ப் பாட்டு எழுதக் கற்கிறார். ஒன்பது வயதுப் பொடியன் ஒருவனும் உண்டு. டல்லஸில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நம் காலை, அவளுக்கு முந்தைய நாள் மாலை. காணொளியில் ஒலி தாமதித்து வருவதால் இருவரும் சேர்ந்து ஒரு வரிகூட வாசிக்க முடியாது. ஆகவே அவள் பதிவு செய்து அனுப்புவாள், நான் கேட்டுவிட்டுக் குறைகளை எழுதி அனுப்புவேன். நேரில் வருகிறவர்களைவிட அவள் வேகமாக முன்னேறுவது எனக்கே கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

இவர்கள் அத்தனை பேருக்கும் நான் கொடுக்கும் முதல் பாடம் ஒன்றுதான். கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டுமே தொடலாம். எட்டு அட்சரத்தில், அதாவது எட்டுத் தாள எண்ணிக்கையில், இரண்டு வரி. எங்கே வந்து நிற்பது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். அரை என்று முடிகிற கட்டைகள்தாம் கறுப்பு. நாலரைக் கட்டையில் வந்து நிற்கிறவர் மோகன ராகம் போட்டிருப்பார். ஐந்தரையில் நின்றால் மத்தியமாவதி, ஆறரையில் நின்றால் ஹிந்தோளம், ஒன்றரையில் நின்றால் சுத்த சாவேரி, இரண்டரையில் நின்றால் சுத்த தன்யாசி. மாமிக்கு இதைக் கிரக பேதம், அதாவது ஆதார சுரத்தை இடம் மாற்றி வேறு ராகம் காண்பது, என்று சொன்னால் போதும், உடனே பிடித்துக்கொள்கிறார். பொடியனுக்கு அந்தச் சொல்லே வேண்டாம். 'இது வீட்டுக்கு வந்த மாதிரி இல்லையே' என்று அவனே சொல்லிவிட்டுக் கடைசிக் கட்டையை மாற்றுகிறான். மாமியின் கைக்குப் பழக்கமில்லாத கீபோர்டில் அவரை உட்காரவைத்ததும், தெரிந்த கீர்த்தனைகள் குறுக்கே வருவது பாதியாகக் குறைந்துவிட்டது என்பது நான் எதிர்பாராத லாபம்.

மென்பொருள் தம்பிக்குக் கணினியை மூடவைத்துவிட்டு ஒரு திருக்குறளைக் கொடுத்தேன், கைத்தாளம் மட்டும் போட்டுப் பாடச் சொல்லி. சீருக்கு ஓர் அட்சரமாக ஆதி தாளத்தில் வைத்தால் ஏழு சீரும் ஏழு இடத்தில் உட்கார்ந்துவிடும். எட்டாவது இடம் காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் அவன் கை துடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் வாயாலேயே ஒரு டிரம் ரோல் போட்டான், அடுத்த வாரம் கடைசிச் சீரை இழுத்து நிரப்பினான், அதற்கடுத்த முறை வந்தபோது சும்மா விட்டுவிட்டு விரலை மட்டும் எண்ணினான். அன்றைக்கு அவனிடம் கட்டணம் வாங்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

இப்போது தூக்கம் கெட்ட கதைக்கு வருகிறேன். பெரம்பூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள், பத்தாம் வகுப்பு. வயலின் கை சுமார், காது அபாரம். கறுப்புக் கட்டைப் பாடத்தில் ஆறரையில் வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். அங்கிருந்து பிறந்த ஹிந்தோளத் தாலாட்டு ஒன்றை அவள் பாடிக் காட்டியபோது, நிஷாதத்தை அவள் அசைத்த விதத்துக்கு நம் மாஸ்டர் இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பார். பிறகு கோடை விடுமுறையில் வேறோர் இடத்தில் ஹார்மனி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தாள். சில வாரங்களில் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், அத்தனையும் கற்பித்துவிடுவதாக விளம்பரம் செய்கிற இடம். திரும்பி வந்தவள் அதே தாலாட்டை கார்டுகளோடு வாசித்துக் காட்டினாள். ஸட்ஜம் வருகிற இடத்திலெல்லாம் ஒரு மைனர் கார்டு. அதாவது ஸ, க, ப. பஞ்சமமே இல்லாத ஹிந்தோளத்துக்குள் அது செருப்போடு வந்து உட்கார்ந்திருந்தது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். கீபோர்டில் அசையாமல் நிற்கிற காந்தாரத்தோடு தன் அசைகிற காந்தாரம் உரசுகிறது என்பதை அவள் காது சரியாகக் கண்டுபிடித்து, கார்டை நீக்குவதற்குப் பதிலாகக் கமகத்தை, அதாவது அந்த அசைவையே, நீக்கிவிட்டாள். நிஷாதமும் நேராகிவிட்டது. மெட்டு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. தாலாட்டு போன இடம் தெரியவில்லை. அவள் அம்மாவோ, 'இப்போதுதான் சார் சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறது, இசைப் பரீட்சையில் எட்டாவது கிரேடு எப்போது எழுதலாம்?' என்று கேட்கிறார்.

கணக்குப் போட்டுப் பார், சேகர். ஸ க ம த நி என்ற ஐந்து சுரங்களுக்குள் முழுதாகக் கட்டக்கூடிய கார்டுகள் இரண்டே இரண்டு: மத்திமத்தின் மேல் ஒரு மைனர், தைவதத்தின் மேல் ஒரு மேஜர். ஸட்ஜத்தின் மேல் பஞ்சமம் இல்லாமல் கார்டே இல்லை. ஆகவே கார்டு வழியாக ஹிந்தோளத்துக்குள் நுழைகிற யாரும் ஒன்று பஞ்சமத்தைக் கடன் வாங்க வேண்டும், அல்லது மத்திமத்தை ஸட்ஜமாக்கிக் கேட்கிறவரின் காதை இடம் மாற்ற வேண்டும். தெரிந்து செய்தால் அது ஒரு வித்தை. நம் திரையிசையில் அதை அழகாகச் செய்தவர்களின் பின்வரிசையில் உட்கார்ந்து நாமே வாசித்திருக்கிறோம். தெரியாமல் செய்தால் ராகம் போய்விடுகிறது.

'அப்படியென்றால் ராகமும் கார்டும் சேரவே கூடாதா சார்?' என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. மேல்நாட்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய நோட்டு சுரங்களில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்பதைப் பாடவைத்தேன். ஆங்கிலேயருடைய அரச வாழ்த்தின் மெட்டு அது. சங்கராபரணத்தின் சுரங்கள், கமகமில்லாமல் நேராக நடப்பவை. அதன் கீழே கார்டுகளை வைத்தால் எதுவும் உரசுவதில்லை. கார்டுக்கென்று பிறந்த மெட்டு எது, தம்புராவுக்கென்று பிறந்த மெட்டு எது என்று பிரித்துக் கேட்க அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. அதன் பிறகு, கார்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, கமகத்தோடு இருந்த பழைய தாலாட்டுக்குக் கீழே ஒரே ஒரு குரல் மட்டும், அதுவும் ஹிந்தோளத்தின் ஐந்து சுரங்களுக்குள்ளேயே எழுதிவரச் சொன்னேன்.

அவள் எழுதிவந்த வரி இதுதான். மேலே ஸ நி த ம என்று மெட்டு இறங்கும்போது, கீழே த ம க ஸ. முதல் ஜோடி தேர்ட், அதாவது மூன்றாம் சுர இடைவெளி. அடுத்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபோர்த். உன் முகம் போகிற போக்கு இங்கேயே தெரிகிறது. பல குரல் எழுதும் இலக்கண நூலில் ஃபுக்ஸ் 1725-இல் எழுதிவைத்தபடி இரண்டு குரலில் ஃபோர்த் என்பது அபஸ்வரம். அதுவும் மூன்று ஃபோர்த் வரிசையாக என்றால் நீ தாளைக் கிழித்திருப்பாய். நான் வயோலாவை எடுத்துக் கீழ்க்குரலை வாசித்தேன், அவள் மேலே பாடினாள். ஓர் இடத்திலும் உரசவில்லை. தாலாட்டு திரும்பி வந்துவிட்டது.

யோசிக்க யோசிக்க, அவள்மேல் தவறே இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஹிந்தோளத்தில் ஒன்று விட்டு ஒன்றாகச் சுரங்களை ஜோடி சேர்த்தால் கிடைக்கும் ஐந்து ஜோடிகளில் நான்கு ஃபோர்த்தான். தைவதமும் மேல் ஸட்ஜமும் மட்டும் தேர்ட். ஃபோர்த்தைத் தடை செய்துவிட்டு இந்த ராகத்தில் இரண்டு குரல் எழுது என்று ஒரு குழந்தையிடம் சொல்வது கையைக் கட்டிவிட்டு வாசிக்கச் சொல்வதுதான். மேலும், பஞ்சமம் இல்லாத ராகத்துக்குத் தம்புராவின் முதல் தந்தியை மத்திமத்துக்குத்தானே இறக்கிக்கொள்கிறோம்? 'மத்திமம் கீழே இருப்பதால், நடுத்தந்திகளான ஸாரணிக்கு அது ஃபிஃப்த், பஞ்சம இடைவெளி' என்று நீ வாதம் செய்வாய் என்று தெரியும். நாலாவது தந்தியை மறந்துவிடாதே. மந்தர ஸட்ஜத்துக்கு மேலே அந்த மத்திமம் ஃபோர்த்தாகத்தான் ஒலிக்கிறது, கச்சேரி முழுவதும் ஒலிக்கிறது, யாரும் எழுந்து போவதில்லை. ஃபுக்ஸின் மாணவனுக்குப் பின்னால் தம்புரா இல்லை. நம் மாணவர்களுக்கு இருக்கிறது. ஆகவே பஞ்சமம் விலகிய ராகங்களில் ஃபோர்த்துக்கு முழு உரிமை கொடுத்தே பாடம் நடத்தலாம் என்பது என் கட்சி. நீ எதிர்க்கட்சியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காரணத்தோடு எழுது.

கமகத்தைப் பற்றி ஒரு விதி மட்டும் எங்களுக்குள் உறுதியாகியிருக்கிறது: மேல் குரல் அசையும் நேரத்தில் கீழ்க்குரல் அசையாமல் நிற்க வேண்டும், மேல் குரல் ஒரே சுரத்தில் கார்வையாக நீண்டு நிற்கும்போது கீழ்க்குரல் நகரலாம். இரண்டும் ஒன்றாக அசைந்தால் எது சுருதி என்றே தெரியவில்லை. வேப்பேரிக்காரருக்கும் இதைச் சொன்னேன். கீழ்ப் பெண்குரல்களான ஆல்ட்டோக்களை அடக்குவதற்கு ஒரு சாஸ்திரம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து போனார்.

உதவி இதுதான். இரண்டு குரல் எழுதுவதில் என் சரக்கு எவ்வளவு என்பது உனக்குத் தெரியும். மாஸ்டரிடம் அந்தப் பாடங்களை முழுதாகச் செய்தவன் நீ, உன் நோட்டைப் பார்த்து எழுதியவன் நான். அந்தப் பெண்ணை நீ எடுத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை காணொளியில் போதும், டிசம்பர் விடுமுறையில் கோயம்புத்தூருக்கே அழைத்துவர அவள் அப்பா தயாராக இருக்கிறார். பீத்தோவன் வியன்னாவில் ஹைடனிடம் படித்துக்கொண்டிருந்தபோதே, அவருக்குத் தெரியாமல் ஷெங்க் என்பவரிடம் பயிற்சிகளைத் திருத்தி வாங்கினார் என்று ஷெங்க்கே எழுதி வைத்திருக்கிறார் அல்லவா? எனக்கு அந்த அவமானம் வேண்டாம்; நானே கையோடு அனுப்பிவைக்கிறேன். நான் ஹைடன் என்று சொல்லிக்கொள்வதாக நினைத்துவிடாதே, பீத்தோவன் பயிற்சிகளில் அவர் திருத்தாமல் விட்ட பிழைகள் ஏராளமாம். அந்த ஒரு விஷயத்தில்தான் பொருத்தம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 1954-இல் பாரிஸுக்குப் போன அர்ஜென்டினா இசையமைப்பாளர் பியாசொல்லா, இசை ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் தம் சிம்பொனித் தாள்களை எல்லாம் காட்டினாரே தவிர, தம் ஊர் நடன இசையான டாங்கோ வாசிக்கிறவர் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டார். அந்த அம்மாள் கேட்டுக் கேட்டு ஒரு டாங்கோவை வாசிக்கவைத்த பிறகுதான் அவருடைய பாதை அவருக்கே தெரிந்தது. இந்தப் பெண் அந்தத் தாலாட்டை இப்போது பாடச் சொன்னால் கூச்சப்படுகிறாள். 'அது சும்மா பாட்டி பாடுகிற மாதிரி சார்' என்கிறாள். அந்தப் 'பாட்டி பாடுகிற மாதிரி'யை நீ முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். ஃபுக்ஸை அதற்குப் பிறகு எடு. பிழைகளைச் சிவப்பு மையில் சுழிக்காதே. வாசித்துக் காட்டி அவளையே கண்டுபிடிக்கச் சொல். உன் சிவப்பு மையால் ஓடிப்போனவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, அதில் முதல் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டணத்தை நீயே பேசிக்கொள். எட்டாவது கிரேடு பற்றி அவள் அம்மா கேட்டால், அடுத்த ஆண்டு என்று நாம் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் காரணம் காட்டினால் எந்த அம்மாவும் மறுக்க மாட்டார். தாலாட்டின் சுரக்குறிப்பையும் அவள் பாடிய பதிவையும் உன் வாட்ஸப்புக்கு அனுப்புகிறேன். கீழ்க்குரலை செல்லோவில் வாசித்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே, தொலைபேசியில் நீ கத்துவாய்.

அன்புடன்,
உன் பின்வரிசைக்காரன்

பி.கு.: வயோலாவின் ஸி தந்தி இற்றுப்போகிற நிலையில் இருக்கிறது. அங்கே உனக்குத் தெரிந்த கடையில் நல்லதாகக் கிடைத்தால் இரண்டு வாங்கி வை. பழைய மைசூர்ப் பாகு பாக்கியில் கழித்துக்கொள்.